ஏற்றமும் ஒடுக்கமும்: வேதியியற் சொல்லிணை ஒன்றன் திறனாய்வு

1. ஆய்வின் நோக்கம்

ஒரு மொழியின் அறிவியல் ஆற்றலை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அதன் கலைச்சொற்களையே எண்ணிப் பார்க்கின்றனர். இச்சொல் தூய தமிழோ, அச்சொல் வடசொல்லோ, பிறிதொன்று ஒலிபெயர்ப்போ என்னும் வினாக்கள் நூறாண்டுக்கு மேலாக நம்மிடையே எழுந்து வந்துள்ளன. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்கு கிறீன் மேற்பார்வையில் 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் வெளிவந்த காலத்தும், 1916-இல் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் தோன்றிய காலத்தும் வினா இதுவாகவே இருந்தது. ஆனால் கலைச்சொற்கள் பெயர்ச்சொற்கள். பெயர்கள் மட்டும் கூடி ஒரு கருத்தை உணர்த்திவிடுவதில்லை. வினையோடு முடிந்து தொடராகும்போதே அவை பொருள் பயக்கின்றன. அறிவியல் தமிழின் வினைச்சொற்களை நாம் ஆராய்ந்தது மிகக் குறைவு.

இக்குறை எத்துணைத் தீங்கு விளைக்கின்றது என்பதை ஒரேயொரு சொல்லிணையைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'ஆக்சிஜனேற்றம்', 'ஒடுக்கம்' எனவும், இலங்கைப் பாடநூல்களில் 'ஒட்சியேற்றம்', 'தாழ்த்தல்' எனவும் வழங்குவதே அவ்விணை. வேதியியல் பயிலும் மாணவர் இடர்ப்படும் பகுதிகளுள் இது முதன்மையானது. எது ஏறுகிறது, எது ஒடுங்குகிறது, எது எதனை ஒடுக்குகிறது என்பதில் மயங்காத மாணவர் அரியர். இம்மயக்கம் பொருளின் அருமையால் மட்டும் வருவதன்று. அதனைச் சொல்லும் தமிழ் நடையாலும் வருகின்றது என்பது எம் கருத்து. எனவே இது வேதியியலார்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. இலக்கணம் கற்றோர்க்கும் இதில் பொறுப்புண்டு.

2. கருத்தின் வரலாறு

சொல்லை மதிப்பிடுமுன் சொல்லப்படும் பொருளை அறிதல் வேண்டும். இப்பொருளோ காலந்தோறும் மாறி வந்தது.

செருமானிய அறிஞர் சுடால் (1659-1734) பரப்பிய கொள்கையின்படி, எரியும் பொருள்களிலும் உலோகங்களிலும் 'பிளாஜிஸ்டன்' என்னும் எரிபொருட்கூறு ஒன்று உண்டு. உலோகத்தைக் காற்றில் சுட்டால் அக்கூறு வெளியேறும், எஞ்சுவது நீறு. நீற்றைக் கரியோடு சேர்த்துச் சுட்டால், கரியிலுள்ள அக்கூறு நீற்றிற் புகுந்து உலோகத்தை மீட்கும். இக்கொள்கையில் நீறாதல் என்பது ஓர் இழப்பு.

பிரெஞ்சு அறிஞர் இலவாசியே தராசைக் கையிலெடுத்து இதனை மறுத்தார். நீறு உலோகத்தினும் எடை மிக்கது. ஆதலின் உலோகம் எதையும் இழக்கவில்லை, காற்றிலிருந்து ஒன்றைப் பெற்றது என்று காட்டினார். எடுத்துக்காட்டாக, 48.6 கிராம் மக்னீசியம் எரிந்தால் 32 கிராம் ஆக்சிஜனைப் பெற்று 80.6 கிராம் நீறாகும். இங்ஙனம் நீறாதல் ஒரு பேறாயிற்று. சேர்ந்த வளிக்கு அவர் இட்ட பெயர் 'புளிப்பைப் பிறப்பிப்பது' என்னும் பொருளுடைய கிரேக்க வேர்களால் ஆயது. எல்லா அமிலங்களுக்கும் அவ்வளியே காரணம் என அவர் நம்பினார். அவரும் பிறர் மூவரும் 1787-இல் வெளியிட்ட வேதியியற் பெயரிடு முறை நூலும், அவர் 1789-இல் எழுதிய பாடநூலும் அப்பெயரை நிலைநாட்டின. ஆனால் 1810-இல் ஆங்கில அறிஞர் தேவி, குளோரின் ஒரு தனிமம் என்றும், கடலுப்பிலிருந்து பெறும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்றும் நிறுவினார். பெயரின் காரணம் பொய்த்தது; பெயரோ நின்றது.

1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபின் கருத்து மீண்டும் மாறியது. மக்னீசியம் ஆக்சிஜனோடு சேரும்போது அதன் ஒவ்வோரணுவும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கின்றது. குளோரினோடு சேரும்போதும் அவ்வாறே இரண்டை இழக்கின்றது. மக்னீசியத்தைப் பொறுத்தவரை இரு நிகழ்ச்சிகளும் ஒன்றே. ஆகவே ஆக்சிஜன் இல்லாவிடத்தும் எலக்ட்ரானை இழத்தல் யாவும் ஆக்சிஜனேற்றம் எனப்பட்டது. பெறுதல் யாவும் ஒடுக்கம் எனப்பட்டது. சுடாலின் காலத்தில் இழப்பாயிருந்தது, இலவாசியேயின் காலத்தில் பேறாகி, எலக்ட்ரான் காலத்தில் மறுபடியும் இழப்பாயிற்று. இழக்கும் பொருள் வேறு என்பது உண்மையே. ஆயினும் சொல்லின் போக்கு இவ்வாறு இருமுறை திரும்பியது என்பதை மறத்தலாகாது.

இதனோடும் வரலாறு நிற்கவில்லை. மீத்தேன் எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆகுங்கால், கார்பன் எலக்ட்ரானை முற்றாக இழப்பதில்லை. பங்கிட்டுக்கொள்ளும் முறையே மாறுகின்றது. இத்தகைய இடங்களையும் ஒரு நெறியில் அடக்குதற்கு ஆக்சிஜனேற்ற எண் என்னும் கணக்கு வகுக்கப்பட்டது. மீத்தேனில் கார்பனின் எண் -4. கார்பன் டைஆக்சைடில் +4. எண் எட்டுப் படி ஏறியது. அவ்வினையில் ஈடுபடும் நான்கு ஆக்சிஜன் அணுக்களின் எண் ஒவ்வொன்றும் சுழியிலிருந்து -2 ஆகிறது. எட்டுப் படி இறங்கியது. ஏறியதும் இறங்கியதும் எப்பொழுதும் ஒத்து நிற்கும். எண் ஏறுதல் ஆக்சிஜனேற்றம். எண் இறங்குதல் ஒடுக்கம். இதுவே இன்றைய பொருள்.

3. பெயர்களின் தகுதி

இனித் தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

'ஆக்சிஜனேற்றம்' என்பது இலவாசியேயின் கருத்தை அப்படியே உரைப்பது. ஆக்சிஜனை ஏற்றுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் இச்செயலுக்குரிய பெயர், வளியின் பெயரிலிருந்து நேரே பிறந்ததன்று. அவ்வளியால் ஆகும் சேர்மத்தின் பெயர்வழி வந்தது. ஆதலின் அங்கே வளியின் பெயர் அரைகுறையாகவே ஒலிக்கின்றது. தமிழிலோ அது முழுமையாக ஒலிக்கின்றது. ஆக்சிஜனே இல்லாத வினையில் ஆக்சிஜனேற்றம் எங்ஙனம் நிகழும் என்று தமிழ் மாணவன் வினவுவது இதனால்தான். அவ்வினா அறியாமையன்று, சொல்லை உற்றுக் கேட்டதன் பயன். புளோரின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆகும் சேர்மத்தில் ஆக்சிஜனின் எண் +2. அங்கே ஆக்சிஜனே ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று சொல்ல நேர்கின்றது. 'உயிர்வளியேற்றம்' என மொழிபெயர்த்தால் இடர்ப்பாடு நீங்காது, மேலும் மிகும். உயிருக்கும் இவ்வினைக்கும் என்ன தொடர்பு என்னும் மற்றொரு வினா அதன்மேல் எழும்.

'ஒட்சியேற்றம்' என்னும் இலங்கை வழக்கு இவ்விடத்தில் ஒரு நுட்பம் உடையது. வடசொற்கள் தமிழில் புகுங்கால் வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தொடு பொருந்த அமைதல் வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்த நெறியைப் பிறமொழிச் சொல்லுக்கும் விரித்துக் கொண்டது 'ஒட்சிசன்' என்னும் வடிவம். அதனினும் சிறப்பு, செயலின் பெயரில் 'ஒட்சிசன்' முழுமையும் வாராது 'ஒட்சி' மட்டும் வந்திருத்தல். வளியின் நினைவு முற்றும் நீங்காமலும், வளியையே சுட்டாமலும் சொல் நிற்கின்றது. கருத்து விரிந்தபோது சொல்லும் விரிதற்கு அது இடம் தருகின்றது.

இரண்டு வழக்கிலும் உயிர்நாடியாய் விளங்குவது 'ஏற்றம்' என்னும் பின்பகுதியே. அது தமிழ் மரபில் வேரூன்றியது. துருவேறிய இரும்பு, களிம்பேறிய செம்பு என்று நாம் வழங்குகின்றோம். இரும்பு துருவேறுதலும் செம்பு களிம்பேறுதலும் வேதியியலார் கூறும் இவ்வினையே. ஆகவே 'ஏறு' என்னும் வினை இப்பொருளுக்குப் புதிதாகப் புனையப்பட்டதன்று. மக்கள் நாவில் முன்னரே இருந்தது. சொல்லாக்கியோர் அறிந்து செய்தனரோ அறியாது செய்தனரோ, தமிழின் இயல்பான வழக்கின்மேல் சொல்லை அமைத்தனர். ஏறுதல் என்பதற்கு மேலே படிதல் என்ற பொருளோடு உயர்தல் என்ற பொருளும் உண்டு. முதற்பொருள் இலவாசியேயின் கருத்துக்கும், இரண்டாம் பொருள் இன்றைய எண் கணக்குக்கும் பொருந்துகின்றன. ஒரு சொல் இருகாலக் கருத்துக்கும் இடந்தருதல் அரிது.

ஆயினும் ஒரு தடை உண்டு. 'ஏல்' என்னும் வேறொரு பகுதியினின்று பிறந்த 'ஏற்றல்', பெற்றுக்கொள்ளுதல் எனப் பொருள்படும். 'ஏற்றம்' என்னும் ஒலி கேட்ட மாணவன் எதையோ ஏற்றுக்கொள்ளுதல் என்று கருதி, எலக்ட்ரானைப் பெறுதலே ஆக்சிஜனேற்றம் எனத் தலைகீழாக உணர்கின்றான். எலக்ட்ரானைப் பெறும் பொருளை 'ஏற்பி' என்று அதே பாடத்தில் கூறுவதால் இம்மயக்கம் உறுதிப்படுகின்றது. ஏறுதல் வேறு, ஏற்றல் வேறு என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டுதல் கடமையாகும். எலக்ட்ரானை இழந்தால் எண் ஏறுவானேன் என்பதற்கு ஓர் உவமை போதும். எலக்ட்ரான் எதிர்மின்னேற்றம் உடையது, கடன் போன்றது. கடனை இழந்தவன் கணக்கு ஏறும். கடனை ஏற்றவன் கணக்குத் தாழும்.

'ஒடுக்கம்' என்னும் சொல்லை இக்காலத்தார் அடக்குதல், நெரித்தல் என்னும் பொருளிலேயே பெரிதும் அறிவர். அப்பொருளில் அது இவ்விடத்துக்குப் பொருந்தாது. ஆனால் சைவ சித்தாந்த நூல்களில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. சிவஞான போதத்தின் முதற்சூத்திரம் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்னும் மூன்றையும் கூறி, உலகம் ஒடுங்கிய இடத்தினின்றே மீளத் தோன்றும் என நிறுவுகின்றது. அங்கே ஒடுங்குதல் என்பது அழிதலன்று. தன் காரணத்துக்குத் திரும்புதல். இனி, இவ்வினைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லின் இலத்தீன் வேர்ப்பொருளை நோக்கினால், அதுவும் 'திரும்ப அழைத்துச் செல்லுதல்' என்பதே. நீறு தன் பழைய உலோக நிலைக்குத் திரும்புதலையே பழைய உலோக வினைஞர் அச்சொல்லால் குறித்தனர். நம் நாட்டு இரசநூல்கள் பற்பத்துக்கு வகுத்த சோதனைகளுள் ஒன்று 'அபுனர்பவம்'. சுட்டாலும் மீண்டும் உலோகமாகத் திரும்பாமை என்பது அதன் பொருள். நீறு உலோகமாகத் திரும்பக்கூடும் என்பதை அறிந்தவரே இத்தகைய சோதனையை வகுத்திருத்தல் கூடும். ஆக, திரும்புதல் என்னும் பொருளில் 'ஒடுக்கம்' குறைபாடுடைய மொழிபெயர்ப்பன்று. மூலச்சொல்லின் வேரைத் தொடுவது. எடை குறைதல் என்னும் பொதுப்பொருளிலும் அது பொருந்துகின்றது. ஏறக்குறைய 160 கிராம் இரும்பு ஆக்சைடு ஊதுலையில் ஒடுங்கினால் எஞ்சும் இரும்பு 112 கிராமே.

'தாழ்த்தல்' என்னும் இலங்கைச் சொல் வேறொரு திசையில் சிறந்தது. எண் தாழ்கின்றது என்னும் இன்றைய கருத்தை அது நேரே உணர்த்துகின்றது. ஏற்றம், தாழ்வு என்னும் எதிர்ச்சொற்கள் தமிழில் இயல்பான இணை. எனவே வரலாற்றுப் பொருளுக்கு 'ஒடுக்கம்' ஏற்றது. கணக்குப் பொருளுக்குத் 'தாழ்த்தல்' ஏற்றது. ஒன்றை உயர்த்தி ஒன்றை இகழ்தற்கு இடமில்லை.

4. பெயர் மறைப்பதும் வினை காட்டுவதும்

பெயர்கள் இத்துணைத் தகுதி உடையனவாயின், மாணவர் மயங்குவது எதனால்? இதற்கு விடை சொல்லின் அகத்தே இல்லை, தொடரில் உள்ளது.

தமிழில் ஏறு என்பது தன்வினை. ஏற்று என்பது பிறவினை. ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. தாழ் தன்வினை, தாழ்த்து பிறவினை. 'வி', 'பி' முதலிய விகுதி பெற்றுப் பிறவினையாதலை நன்னூலார் கூறுவர். இங்ஙனம் எழுத்து வலித்துப் பிறவினையாதல் வழக்கில் பெருக உண்டு. இவ்வினைகள் பெயராகும்போது ஒரு வேறுபாடு மறைகின்றது. மாறு, மாற்று இரண்டும் 'மாற்றம்' ஆதல் போல, ஏறு, ஏற்று இரண்டும் 'ஏற்றம்' ஆகும். அடங்கு, அடக்கு இரண்டும் 'அடக்கம்' ஆதல் போல, ஒடுங்கு, ஒடுக்கு இரண்டும் 'ஒடுக்கம்' ஆகும். எனவே 'துத்தநாகத்தின் ஒடுக்கம்' என்றால், துத்தநாகம் ஒடுங்கியதா, பிறிதொன்றைத் துத்தநாகம் ஒடுக்கியதா என்பது புலப்படாது. இவ்வினையை அறிதலில் முழுமுதல் வினாவே இதுதான். அதற்குரிய விடையைப் பெயர் விழுங்கிவிடுகின்றது.

'தாழ்த்தல்' என்னும் பெயரில் இம்மறைவு இல்லை. அது ஐயமின்றிப் பிறவினைப் பெயர். ஆனால் அதனால் வேறொரு குறை நேர்கின்றது. 'ஒட்சியேற்றம்' இருவினைக்கும் பொதுவாய் நிற்க, அதன் இணையாகிய 'தாழ்த்தல்' பிறவினையாய் மட்டும் நிற்கின்றது. எண் தானே தாழ்தலைக் குறிக்க வேண்டிய இடத்தும் தாழ்த்தல் என்றே சொல்ல நேர்கின்றது. இணைச்சொற்கள் இலக்கணத்தால் ஒத்து நிற்றல் வேண்டும் என்பதை ஈண்டு நினைத்தல் நன்று.

பாடநூல்களில் வழங்கும் நடையை ஒட்டி ஒரு தொடரை யாமே அமைத்துக் காட்டுதும்: 'இவ்வினையில் துத்தநாகம் ஆக்சிஜனேற்றத்திற்கு உட்படுத்தப்படுகிறது, தாமிர அயனிகள் துத்தநாகத்தினால் ஒடுக்கப்படுகின்றன, எனவே துத்தநாகம் ஒடுக்கியாகச் செயல்படுகிறது.' இதில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் இது தமிழ்ச்சொற்களால் ஆகிய ஆங்கில நடை. ஆங்கிலத்தில் இப்பொருளுக்குத் தன்வினை, பிறவினை எனச் சொல்வடிவிலேயே வேறுபட்ட இணைகள் இல்லை. ஆகவே அம்மொழியார் செயப்பாட்டு வினையை நாடினர். இருவேறு வினைகள் இயல்பாகவே உடைய தமிழ், இல்லாதார் வழியைப் பின்பற்றி எல்லாவற்றையும் 'படு' விகுதிக்குள் அடைத்துக்கொள்வானேன்? செல்வமுடையவன் இரந்துண்டல் போன்றது இது.

அதே செய்தியைத் தமிழ் வினைகளால் உரைத்துப் பார்ப்போம்: 'துத்தநாகம் ஏறுகிறது, செம்பு அயனி ஒடுங்குகிறது. துத்தநாகம் செம்பு அயனியை ஒடுக்குகிறது. ஆதலின் அது ஒடுக்கி. செம்பு அயனி துத்தநாகத்தை ஏற்றுகிறது. ஆதலின் அது ஏற்றி.' பாடத்திற்கு ஏற்ப முன்னே 'ஆக்சிஜன்' என்றோ 'ஒட்சி' என்றோ சேர்த்துக்கொள்ளலாம். ஒடுக்கி, ஏற்றி என்னும் பெயர்கள் ஒடுக்கு, ஏற்று என்னும் பிறவினைகளோடு இகர விகுதி சேர்ந்து ஆனவை. பிறிதொன்றைச் செய்விப்பது என்னும் பொருள் அவ்வடிவிலேயே உள்ளது. ஆனால் 'ஒடுங்குகிறது' என்னும் தன்வினையைப் பாடநூல் விலக்கிவிட்டமையால், 'ஒடுக்கி' என்பதன் பிறவினைத் தன்மை மாணவன் செவியில் விழுவதில்லை. ஒடுக்கம் அடைவதே ஒடுக்கி என்று அவன் எழுதுகின்றான். அவன் பிழைக்குப் பாதிப் பொறுப்பு நம்முடையது. ஒடுங்கு, ஒடுக்கு இரண்டையும் அருகருகே கேட்டவன் அப்பிழை செய்யான். 'ஏற்றுவது ஒடுங்கும், ஒடுக்குவது ஏறும்' என்னும் நான்கு சொற்களில் இப்பாடத்தின் சாரம் முழுதும் அடங்கிவிடும்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே நிகழ்வன. ஒன்றின்றி மற்றொன்று இல்லை. இதனை உணர்த்தவும் தமிழில் ஓர் அமைப்பு ஆயத்தமாக உள்ளது. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என இலக்கணம் கற்பிப்போர் எடுத்துக்காட்டும் செயவென் எச்சம், இரண்டு எழுவாய்களின் இரு செயல்களைத் தொடர்புபடுத்தி ஒரே தொடரில் கூறும். 'துத்தநாகம் ஏறச் செம்பு ஒடுங்கும்' என்றால், இரு பாதி வினைகளும், அவற்றின் தொடர்பும், உடனிகழ்ச்சியும் ஒருங்கே விளங்குகின்றன. நீரிறைக்கும் ஏற்றத்தில் ஒரு தலை தாழ மறுதலை எழுதல் போல்வது இது.

5. சான்று நோக்கு

இந்நடை எளிய இடத்தில் மட்டும் பயன்படுமோ என்னும் ஐயம் எழலாம். ஆகவே இரண்டு இடங்களில் வைத்துச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, மயில்துத்தக் கரைசலில் துத்தநாகத் தகடு இடும் நிகழ்ச்சி. நீல நிறம் மெல்ல வெளிறும். தகட்டின்மேல் செந்நிறச் செம்பு படியும். 65.4 கிராம் துத்தநாகம் கரைந்தால் 63.5 கிராம் செம்பு வெளிப்படும். துத்தநாகத்தின் எண் சுழியிலிருந்து +2-க்கு ஏறச் செம்பின் எண் +2-இலிருந்து சுழிக்கு ஒடுங்குகிறது. இவ்விரண்டையும் தனித்தனிக் கலங்களில் நிகழச் செய்து, எலக்ட்ரானைக் கம்பிவழிச் செலுத்தினால் அதுவே 1836-இல் தானியேல் அமைத்த மின்கலம். திட்டநிலையில் அதன் மின்னழுத்தம் 1.10 வோல்ட். 'ஏறுமிடம்', 'ஒடுங்குமிடம்' என்று இரு மின்வாய்களையும் சுட்டினால், எது எங்கே நிகழ்கின்றது என்பதில் மாணவன் தடுமாறான்.

இரண்டாவது, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கொண்டு இரும்பின் அளவைக் காணும் சோதனை. அமிலம் சேர்ந்த கரைசலில் ஒவ்வோர் இரும்பு அயனியும் +2-இலிருந்து +3-க்கு ஒரு படி ஏறுகிறது. மாங்கனீசு +7-இலிருந்து +2-க்கு ஐந்து படி ஒடுங்குகிறது. ஆகவே ஐந்து இரும்பு அயனிகள் ஏற ஒரு பெர்மாங்கனேட்டு ஒடுங்கும். ஊதா நிறம் ஒவ்வொரு துளியிலும் மறைந்துகொண்டே வந்து, ஏறுதற்கு இரும்பு எஞ்சாதபோது இளஞ்சிவப்பாய் நிலைத்து நிற்கும். இத்தொடர்களில் 'படு' விகுதி ஓரிடத்தும் வேண்டப்படவில்லை. சமன் செய்யும் கணக்கும் தொடரிலேயே வெளிப்படுகின்றது.

6. மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் கூறலாம்.

நிலைபெற்ற சொற்களை மாற்றுதல் தீது என்பது முதலாவது. அதனை யாமும் உடன்படுகின்றோம். இங்கே எந்தப் பெயரையும் மாற்றுமாறு கூறவில்லை. தமிழ்நாட்டார் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் எனவும், இலங்கையார் ஒட்சியேற்றம், தாழ்த்தல் எனவும் வழங்குக. வேண்டுவது, அப்பெயர்களுக்குரிய தன்வினையையும் பிறவினையையும் தொடரில் வழங்குதலே. இலங்கையார்க்குத் தாழ், தாழ்த்து என்னும் இணை அங்ஙனமே உதவும்.

'ஒடுங்குகிறது' என்று தன்வினையாற் கூறினால் ஒடுக்குவோன் ஒருவன் இல்லாதது போல் தோன்றும் என்பது இரண்டாவது. கதவு திறந்தது என்றால் திறந்தவன் இல்லையென்று யாரும் கொள்வதில்லை. எனினும் இவ்வாட்சேபணையில் உண்மை சிறிது உண்டு. தன்வினை மட்டும் வழங்கினால் துணைவினை மறைந்துவிடக்கூடும். அதனாலேயே செயவென் எச்சத்தால் இரண்டையும் ஒரு தொடராக்குக என்றோம்.

எலக்ட்ரான் இழப்பு, எலக்ட்ரான் பேறு என்று நேரே கூறிவிடின் இச்சொற்கள் எதற்கு என்பது மூன்றாவது. மீத்தேன் எரிதலை மேலே கண்டோம். அங்கே முழு இழப்பும் முழுப் பேறும் இல்லை. எண் ஏறுதலும் தாழ்தலும் என்னும் பொதுமை அங்கே இன்றியமையாதது. எனவே பழைய சொற்கள் தம் பணியை இழந்துவிடவில்லை.

இவற்றோடு வேறொன்றும் கருதத்தக்கது. 'ஒடுக்கப்பட்ட', 'தாழ்த்தப்பட்ட' என்னும் இரு சொல்லும் நம் சமுதாயத்தில் ஆழ்ந்த துயரின் சுமையைத் தாங்கியவை. அச்சொற்களைத் தம் வாழ்விற் கேட்டு வளர்ந்த மாணவர் வகுப்பில் இருக்க, அயனியைக் குறித்து அவற்றையே நாளும் ஓதுதல் செவிக்கு இனிதன்று. பாடப்பொருளின்மேல் வேண்டாத நிழலையும் அது படரவிடும். 'ஒடுங்கிய அயனி', 'தாழ்ந்த எண்' என்னுமிடத்து அந்நிழல் பெரும்பாலும் நீங்குகின்றது. சொல்லைக் கைவிடாமலே அதன் கொடுமையைக் குறைத்தல் வினைவடிவால் கூடுமாயின் அதனைச் செய்தல் நன்று.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. இச்சொல்லிணையின் தமிழ்ப்பெயர்கள் இகழத்தக்கன அல்ல. 'ஏற்றம்' மக்கள் வழக்கிலும், 'ஒடுக்கம்' மெய்ந்நூல் வழக்கிலும் வேர்கொண்டவை. 'தாழ்த்தல்' இன்றைய கணக்கோடு ஒத்தது. மாணவர் மயங்குதற்குச் சொற்பஞ்சம் காரணமன்று. தன்வினை, பிறவினை என்னும் தெளிவான பாகுபாட்டை விடுத்து, பெயரோடு 'அடை', 'உட்படுத்து', 'படு' முதலியவற்றை ஒட்டி எழுதும் நடையே பெருங்காரணம்.

தமிழ்வழிக் கல்வியில் ஒரு பாடம் விளங்காதபோது, தமிழ் அதற்குப் போதாது என்று கூறிவிடுதல் எளிது. அம்முடிவுக்கு வருமுன், அப்பாடம் தமிழிலேயே எழுதப்பட்டுள்ளதா என்று ஒருமுறை நோக்குதல் வேண்டும். எழுத்தும் சொல்லும் தமிழாயிருந்து தொடர் தமிழாகாதவிடத்துத் தமிழை இன்னும் சோதித்தவராகோம். வேதியியல் ஆசிரியர் ஒருவரும் இலக்கண ஆசிரியர் ஒருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, இவ்வொரு பாடத்தையேனும் ஏறு, ஏற்று, ஒடுங்கு, ஒடுக்கு என்னும் நான்கு வினைகளால் எழுதி வகுப்பில் பயிற்றிப் பார்ப்பாராயின், இக்கட்டுரையின் கருத்து மெய்யோ பொய்யோ என்பது ஒரு பருவத்திற்குள் தெரிந்துவிடும். முதுகலை மாணவர் தம் ஆய்வுக்கு இத்தகைய பொருள்களை மேற்கொள்ளுதல், பழைய இலக்கண அறிவு இன்றைய வகுப்பறைக்குப் பயன்படும் வழிகளுள் ஒன்றாகும்.